மிச்சக்கடை டாட் காம்

அந்தப் பிரஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணப் பத்திரிகையோ கடை விளம்பரமோ, எந்தப் பெயரானாலும் மாதிரித் தாளாக ஒரு புரூஃப் எடுத்ததும் முன்னறைச் சுவரில் ஒரு வாரம் ஒட்டி வைத்துவிட வேண்டும். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைப் படிக்க வேண்டும். ஏழு நாள் யார் கண்ணிலும் தப்பு படவில்லை என்றால்தான் அச்சடிக்கப் பிளேட் போடுவார்கள். பிரஸ்காரர் இந்தச் சட்டத்தைச் சும்மா கொண்டுவரவில்லை. பல வருடங்களுக்கு முன் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் பெயரைப் போட்டு எண்ணூறு பத்திரிகை அடித்துத் தள்ளிவிட்டார். அந்த அண்ணனுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவருடைய மனைவி பிரஸ் வாசலில் வந்து நின்று கேட்ட கேள்விகளுக்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை.

அன்றிலிருந்து சுவர் சொன்னதுதான் தீர்ப்பு. அவசரம் என்று யார் தலைகீழாக நின்றாலும் பிரஸ்காரர் மசிய மாட்டார். அவசரக்காரர்கள் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். போகட்டும் என்பார்.

பிரஸ்காரரின் மனைவியை ஊர் பைண்டிங் அக்கா என்று கூப்பிடும். பின்னறையில் பதினாறு வருடமாக உட்கார்ந்து தைக்கிறாள், ஒட்டுகிறாள், மடிக்கிறாள். கட்டிங் மெஷின் வெட்டித் தள்ளுகிற ஓரக் காகிதங்கள் தினமும் ஒரு கூடை சேரும். மற்ற பிரஸ்களில் அதை எடைக்குப் போடுவார்கள். அக்காவுக்கு மனசு வராது. கிரீம் நிறத்துத் தாள், நீல அட்டை, ஏதோ ஒரு கம்பெனியின் காலண்டர் ஓரம் என்று பொறுக்கி எடுத்து, அளவு பார்த்து, நூல் கோத்துக் கையடக்க நோட்டுகளாகத் தைத்துவிடுவாள். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. பத்திரிகை அடிக்க வந்தவர்கள் பத்திரிகையை மறந்துவிட்டு இந்த நோட்டு கிடைக்குமா என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, கொடுத்ததற்கெல்லாம் அவர்கள் ஏதோ கையில் திணித்து, ஒரு நாள் அக்காவுக்கே தோன்றியது, இதை ஆன்லைனில் விற்றால் என்ன?

பெயர் வைக்க அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. கடைசியில் ஒரு நாள் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்போது தானாக வந்து வாயில் உட்கார்ந்தது: மிச்சக்கடை.

"மிச்சம்னு யாராவது கடைக்குப் பேர் வைப்பாங்களா?" என்றார் பிரஸ்காரர்.

"நான் வைக்கிறேன்ல."

"விளங்கும் போ," என்றார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்கா முன்னறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பெயர் பதிகிற தளம் ஒன்றைத் திறந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டிப் பார்த்தாள். பச்சையாக ஒரு டிக் வந்தது. இந்தப் பெயர் கிடைக்கும், உடனே வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவள் பேரில் ஒரு மின்சார பில்கூட வந்தது கிடையாது. அந்தப் பச்சை டிக்கை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தாள். பணம் கட்டும் இடம் வரை போய்விட்டாள். கார்டு எண்ணைப் போட்டதும் ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. ஓடிபி பிரஸ்காரரின் போனுக்குத்தான் போகும். கார்டு அவளுடையது, நம்பர் அவருடையது. கணக்குத் திறந்த அன்று அப்படி எழுதிவிட்டார்கள், யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

"என்னங்க, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

"எதுக்கு?"

"பேருக்கு."

பிரஸ்காரர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "புரூஃப் எடுத்தாச்சா?"

"அது வெப்சைட்டுங்க."

"பேரு பேருதானே. ஒரு வாரம் சுவத்துல நிக்கட்டும். எங்கேயும் ஓடிடாது."

இதைத்தான் சொல்கிறேன், வேறு எந்த வீட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்காது. யாருக்கும் தெரியாமல் சட்டென்று வாங்கிப் போட வேண்டிய பெயரை, ஆறு அங்குல உயரத்தில் அடித்து, ஊரே படிக்கட்டும் என்று சுவரில் ஒட்டினார்கள். அக்காவுக்கு உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. ஆனால் பதினாறு வருடமாக அந்தச் சட்டத்துக்குப் பழகிப்போனவள். மாப்பிள்ளையின் அண்ணன் மனைவியை நேரில் பார்த்தவள் வேறு. சரி என்றுவிட்டாள். பொறுமை இல்லாமல் செய்த ஒரே காரியம், அந்தப் பெயரில் சின்னதாக ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து, தைத்து வைத்திருந்த நூற்று நாற்பது நோட்டுகளின் கடைசிப் பக்கத்திலும் குத்திவிட்டதுதான்.

அந்த வாரம் முழுக்கச் சுவருக்கு முன்னால் நல்ல கூட்டம். பேப்பர் சப்ளை செய்கிறவர் படித்தார். பில் புக் அடிக்க வந்த மருந்துக்கடைக்காரர் படித்துவிட்டு, "அக்கா கடையா? எப்போ திறப்பு?" என்றார். தபால் கொண்டுவந்தவர்கூட நின்று படித்துவிட்டு, "என் வீட்டுக்காரி கவிதை எழுதுவா, ரெண்டு எடுத்து வைங்க," என்றார். பிரஸ்ஸின் மெஷின் அண்ணன் மட்டும் தினமும் இரண்டு தடவை படித்தார்.

மெஷின் அண்ணன் இருபது வருடமாக அந்த ஆஃப்செட் மெஷினை ஓட்டுகிறவர். அக்காவுக்கு அவர் அண்ணன், அவருக்கு இவள் தங்கச்சி. ரத்த சம்பந்தம் கிடையாது, ஆனால் முறையில் ஒரு நாள் குறை வைத்ததில்லை. மெஷின் மக்கர் செய்யும்போதெல்லாம், "தங்கச்சி வீட்டுக்காரர்னு பாக்குறேன், இல்லேன்னா இந்த மெஷினை எப்பவோ காயலான் கடைக்கு அனுப்பியிருப்பேன்," என்று பிரஸ்காரர் காதுபடவே சொல்வார்.

"ஏன் தங்கச்சி, இந்த டாட் காம்னா விலைக்கு வாங்கறதா, வாடகையா?"

"வருஷ வாடகை மாதிரிண்ணே."

"எவ்வளவு ஆகும்?"

"ஒரு ஜோடி செருப்பு விலை."

"அவ்வளவுதானா! அப்ப நானே ஒண்ணு வாங்கலாம் போலிருக்கே," என்று சிரித்துவிட்டு மெஷினுக்குப் போனார். பிரஸ்காரரும் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காலை. ஏழு நாளில் சுவர் ஒரு குற்றமும் கண்டுபிடிக்கவில்லை. அக்கா தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பெயரைத் தட்டினாள்.

சிவப்பாக வந்தது. இந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

எழுத்தில் ஏதோ பிசகிவிட்டது என்று நினைத்து மறுபடி தட்டினாள். சிவப்பு. தளத்தை மூடித் திறந்து தட்டினாள். சிவப்பு. கீழே ஒரு இடத்தில் அழுத்தினால் விவரம் வந்தது. பதிவான தேதி நான்கு நாள் முன்னால், புதன்கிழமை. உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மறைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது.

உலகத்தில் எத்தனை கோடிப் பேர், எத்தனை கோடிச் சொல். மிச்சம் என்று கடைக்குப் பேர் வைக்க இன்னொருத்தருக்கு, அதுவும் இந்த வாரத்துப் புதன்கிழமையே தோன்றியிருக்குமா? இந்தச் சுவரைப் பார்த்த யாரோதான். தினமும் முகம் பார்த்துச் சிரித்த யாரோ.

பிரஸ்காரர் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"போச்சுங்க," என்றாள். பிரஸ்ஸில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்று அழுதாள், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, முன்னறை என்றும் பார்க்காமல்.

பிரஸ்காரர் வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். "மெஷின்காரர் அன்னைக்கு விலை கேட்டாரே," என்றார். "அவரு பொண்ணு கம்ப்யூட்டர் கம்பெனியிலதானே இருக்கு."

"சீ, என்ன பேசறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. கேட்டாரே, அதைச் சொன்னேன்."

சந்தேகத்துக்கு இருக்கிற கெட்ட குணம், விதை போட்டால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். காலையில் சீ என்றவள் மதியத்துக்குள் யோசிக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டு வேளைக்கு மெஷினை நிறுத்திவிட்டு மெஷின் அண்ணன் கையில் இருந்த மையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் முன்னால் போய் நின்றாள். பிரஸ்காரரும் கூடவே வந்து மை டப்பாக்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, உங்க பொண்ணுகிட்ட என் கடைப் பேரைச் சொன்னீங்களா?"

"சொன்னேனே. தங்கச்சி கடை வைக்குதுன்னு அன்னைக்கே சொல்லிட்டேன்."

"பேரையும் சொன்னீங்களா?"

"பேரைச் சொல்லாம எப்படி? ஏன்?"

"யாரோ அந்தப் பேரை வாங்கிட்டாங்கண்ணே. அதான், தெரியாத்தனமா உங்க பொண்ணு எதுவும்..." முடிக்க முடியவில்லை. ஆனால் முடித்த மாதிரிதான்.

மெஷின் அண்ணன் கையிலிருந்த துணி கையிலேயே இருந்தது. முகத்தில் கோபம் வரும் என்று அக்கா பயந்தாள். கோபம் வரவில்லை. எதிரே நிற்பது யாரென்றே தெரியாதது போலப் பார்த்தார். பிறகு பிரஸ்காரரைப் பார்த்தார். பிரஸ்காரர் மை டப்பாவின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மெஷின் அண்ணன் மை பட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பிரஸ்காரர் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டார். மறுநாள் மெஷின் ஓடவில்லை. அதற்கு மறுநாளும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் அவருடைய மகள் போனில் கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவோ ஆற அமரப் பேசவோ அவள் கூப்பிடவில்லை என்பது ஹலோவிலேயே தெரிந்தது.

"அத்தைன்னு கூப்பிட்டே பழக்கமாயிடுச்சு, அதனால அத்தைன்னே சொல்றேன்," என்றாள். "அப்பா மூணு நாளா சாப்பிடும்போது யார்கூடவும் பேசறதில்ல. என்ன நடந்துச்சுன்னு நேத்துதான் சொன்னாரு. நான் வாங்கல. வாங்கியிருந்தா உங்களுக்காகத்தான் வாங்கியிருப்பேன், வாங்கிட்டு அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"தெரியும்மா. எனக்குத் தெரியும். ஏதோ புத்தி கெட்டு..."

"அதை விடுங்க. யார் வாங்கினாங்கன்னு பேரு தெரியாது, ஆனா அவங்களுக்கு எழுதலாம். அந்த விவரம் வர்ற பக்கத்துலயே கீழ ஒரு பெட்டி இருக்கும். அதுல எழுதினீங்கன்னா, வாங்கினவங்க மெயிலுக்கு நேராப் போயிடும். கேட்டுப் பாருங்க. குடுத்தாலும் குடுப்பாங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அன்று பகல் பதினொரு மணி இருக்கும். பிரஸ்காரர் வாசலில் ஒரு பள்ளிக்கூடத்துக்காரரோடு அட்டையின் கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய போன் எப்போதும் போல முன்னறை மேஜையில் சார்ஜில் கிடந்தது. அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தாள். தன் மெயில் முகவரியைப் போட்டாள். எழுத ஆரம்பித்தாள்.

முகம் தெரியாதவருக்கு எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. எதை எழுதினாலும் நாளை அந்த முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நாலு வரி எழுத உட்கார்ந்தவள் நாற்பது வரி எழுதினாள்.

"ஐயா அல்லது அம்மா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. மிச்சக்கடை என்ற பெயரை நீங்கள் புதன்கிழமை வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை, நான்தான் ஒரு வாரம் காத்திருந்தேன். எனக்கு நாற்பத்து மூன்று வயது. நான் பிறந்ததிலிருந்து எனக்கென்று எதற்கும் பெயர் வைத்ததில்லை. பிள்ளைகளுக்குக்கூட மாமியார் வைத்தார்கள். இது ஒன்றுதான் நானாக வைத்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கை நீட்டியதில்லை. ஆனால் பதினாறு வருடமாகப் பின்னறையில் தைக்கிறேன், ஒரு நாள்கூட இது நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. வெளியாட்கள் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். இந்தப் பெயரால் நான் பழியும் சுமக்கிறேன், அண்ணன் மாதிரி இருந்த ஒருவரைத் திருடனா என்று கேட்டுவிட்டேன். எனக்கு அந்தப் பெயர் வேண்டும். நீங்கள் கொடுத்த விலையை விடக் கூடுதலாகத் தருகிறேன்..."

இன்னும் எழுதினாள். படித்துப் பார்க்கவில்லை, பார்த்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரியும். அனுப்பு என்பதை அழுத்தினாள். அனுப்பப்பட்டது என்று வந்தது.

மேஜையில் இருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது.

அக்கா சும்மாதான் திரும்பினாள். போன் அதிர்ந்தால் யாரும் திரும்புவார்கள். வெளிச்சம் வந்த திரையில் மெயில் ஒன்று வந்து நின்றது. மிச்சக்கடை டாட் காம் தொடர்பாக ஒருவர் உங்களுக்கு எழுதியிருக்கிறார் என்று முதல் வரி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: ஐயா அல்லது அம்மா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. தன் கடிதம் தவறி இங்கே வந்துவிட்டது, கார்டு சம்பந்தமாக இவர் நம்பரைக் கொடுத்திருக்கிறோமே, அதனால் இருக்கும் என்று மனசு ஓடி ஓடிக் காரணம் தேடியது. ஆனால் கார்டு எண்ணை இன்று அவள் எங்கேயும் போடவில்லை. கொடுத்தது தன் மெயில் மட்டும். போனை எடுத்தாள். அதற்குப் பூட்டு கிடையாது, பூட்டுப் போட இந்த வீட்டில் என்ன ரகசியம் இருந்தது? அந்த மெயிலுக்குக் கீழே, புதன்கிழமை தேதியில், அதே தளத்திலிருந்து இன்னொரு மெயில். வாழ்த்துகள், உங்கள் பெயர் பதிவாகிவிட்டது. உரிமையாளர் என்ற இடத்தில் பிரஸ்காரரின் முழுப் பெயர், அப்பா பெயரோடு சேர்த்து. நேரம் பகல் பதினொன்று இருபது.

புதன்கிழமை பதினொன்று இருபதுக்கு அவள் பின்னறையில் நோட்டுகளுக்கு ஸ்டாம்பு குத்திக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப் பார்த்து, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். குடித்தார்கள், இரண்டு பேரும்தான்.

பள்ளிக்கூடத்துக்காரரை அனுப்பிவிட்டுப் பிரஸ்காரர் உள்ளே வந்தார். போன் அவள் கையில் இருப்பதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது என்னங்க?"

"பேரு போயிடக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தார். "நாமதான வாங்கி வச்சிருக்கோம். வேற யாரும் இல்லையே."

"அப்ப நான் அழுதப்ப?"

"சொல்லணும்னுதான் வாயைத் தொறந்தேன்."

"தொறந்து மெஷின் அண்ணன் பேரைச் சொன்னீங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். பேசியபோது அவர் குரல் அவளுக்குப் புதிதாக இருந்தது.

"சுவத்துல ஒட்டின நாள்லருந்து வர்றவன் எல்லாம் உன்னையே கேக்கறான். அக்கா எங்க, அக்கா எப்போ கடை தொறக்கறாங்க. இருபத்திரண்டு வருஷமா இந்த பிரஸ் நடத்தறேன், ஒருத்தன் என்னைப் பத்திக் கேக்கல. நீ பாட்டுக்குக் கடைன்னு போயிட்டா பின்னறையில யாரு உக்காருவா? ஒரு வருஷம் தள்ளிப் போகட்டும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் உனக்கேதான் குடுத்திருப்பேன்."

"என்கிட்டருந்து எடுத்து எனக்கே குடுத்திருப்பீங்க."

"தப்புதான்." அவர் சட்டென்று எழுந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். "இப்பவே மாத்திடறேன். அஞ்சு நிமிஷ வேலை. பாரு."

எங்கெங்கோ அழுத்தினார். அவளுடைய போனில் ஒரு மெயில் வந்தது. இந்தப் பெயர் உங்களுக்கு மாற்றித் தரப்படுகிறது, ஏற்றுக்கொள்கிறீர்களா? கீழே ஆம் என்று ஒரு நீலக் கட்டம். மூன்று மாதம் யோசித்து, ஒரு வாரம் காத்து, மூன்று நாள் அழுது, நாற்பது வரி எழுதிக் கேட்ட பெயர் ஒரு விரல் தூரத்தில் இருந்தது. அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அதைத் தொட்டால், இனி ஒவ்வொரு நோட்டின் கடைசிப் பக்கத்திலும் அந்தப் புதன்கிழமை டீயும் மெஷின் அண்ணன் சட்டை மாற்றியதும் சேர்ந்து அச்சாகும் என்று தோன்றியது. அருவருப்பாக இருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள்.

"ஆம்னு அழுத்து," என்று அவர் இரண்டு தடவை சொன்னது கேட்டது. அவள் அழுத்தவில்லை.

அடுத்த நாள் காலை மெஷின் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் மகள் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மெஷின் அண்ணன் எதிரே உட்கார்ந்தார். அக்கா எதையும் மூடி மறைக்கவில்லை. யார் வாங்கினார் என்பதையும், எந்தக் கிழமை என்பதையும் சொன்னாள். காலில் விழத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, உள்ளே மகள் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"நீ கேட்டியே, அதுகூடப் பரவாயில்ல தங்கச்சி," என்றார். "உனக்குத் தெரியாது, கேட்டுட்ட. அவருக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கதவைத் தொறந்துவிட்டாரே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மரியாதை பண்றாருன்னு நெனச்சேன்."

அக்காவால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. அவர் வாசல் வரை வந்தார். எதிர்த்தெரு பிரஸ்ஸில் நேற்றுச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

அங்கிருந்து நேராக பேங்குக்குப் போனாள். கார்டில் இருக்கிற நம்பரை மாற்ற வேண்டும் என்றாள்.

"சார் நம்பர் இருக்கே மேடம். அது வேலை செய்யலையா?" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

"வேலை செய்யுது. எனக்கு என் நம்பர் வேணும்."

படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாளைக்கு மாறிவிடும் என்றார்கள். மாறியது. மறுநாள் பகலில் பேங்க் பக்கத்துப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, அவள் இன்னொரு பெயரைத் தட்டினாள். மூன்று மாதம் பிடிக்கவில்லை, மூன்று நிமிடம் பிடித்தது. பச்சை டிக். ஓடிபி அவள் போனில் வந்து அவள் உள்ளங்கையிலேயே அதிர்ந்தது. அதை யாரையும் கேட்காமல் தானே போட்டாள்.

அந்தப் பெயரை அவள் சுவரில் ஒட்டவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. வழக்கம்போலப் பின்னறைக்கு வந்தாள். பாதியில் நிற்கும் பைண்டிங் வேலையை அப்படியே விடுகிற சுபாவம் அவளுக்கு இல்லை. ஓய்ந்த நேரத்தில் நூற்று நாற்பது நோட்டுகளின் கடைசித் தாளையும் பிளேடால் ஒவ்வொன்றாகக் கீறி எடுத்தாள். பிரஸ்காரர் தினமும் ஒரு தடவை வந்து, "அந்த மெயில் காலாவதியாயிடும், அழுத்திடு," என்று ஞாபகப்படுத்தினார். ஒரு நாள் நிஜமாகவே காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பினார். அதையும் அவள் அழுத்தவில்லை. தன் பேரில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார் மனிதர், யாரும் கேட்காத சொத்துக்குக் காவல்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், புது மெஷின்காரர் ஒருவரைப் பழக்கிக்கொண்டிருந்தார் பிரஸ்காரர். அக்கா முன்னறை மேஜையில் உட்கார்ந்து பில் புக்குகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். பிரஸ்காரரின் போன் அடித்தது. மெஷின் சத்தத்தில் கேட்காது என்று அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அண்ணே, எதிர்த்தெரு பிரஸ்லருந்து பேசறேன். நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லுங்க."

"ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யறது நம்ம தொழில்ல மரியாதை, அதான் கூப்பிட்டேன். உங்க வீட்டம்மா ஒரு லேபிள் வேலை கொண்டுவந்து குடுத்திருக்காங்க. எடுக்கலாமாண்ணே?"

பிரஸ்காரர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவளும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சொந்தமாக பிரஸ் வைத்திருக்கிறவர் மனைவி, அடுத்தவர் பிரஸ்ஸில் போய் வேலை கொடுத்திருக்கிறாள். நாளைக் காலைக்குள் பேப்பர்காரரிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பார்வையை எடுக்கவில்லை.

புது மெஷின்காரர் என்னவோ ஏதோவென்று மெஷினை நிறுத்தினார்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றார் பிரஸ்காரர். "எடுத்துக்குங்க. நல்லாப் பண்ணிக் குடுங்க." நிறுத்தினார். பிறகு அவளைப் பார்க்காமல் போனைப் பார்த்துக் கேட்டார். "என்ன பேரு போட்டிருக்கு?"

அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கியது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. யார் கேட்டாலும் சொல்லலாம், உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."